கடைமடையின் கணக்கு

தாமிரபரணிப் பாசனத்தில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள், 11 கால்வாய்கள், 86,107 ஏக்கர் ஆயக்கட்டு. மேலே இருக்கும் 6 அணைக்கட்டுகளின் 7 கால்வாய்களும் சேர்ந்து 40,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. மீதி 46,107 ஏக்கர் தூத்துக்குடி மாவட்டத்தினுடையது: மருதூர் மேலக்கால் 12,762, கீழக்கால் 7,785, ஸ்ரீவைகுண்டம் வடகால் 12,800, தென்கால் 12,760. அதாவது நூற்றுக்கு 53 ஏக்கருக்கு மேல், வரிசையின் கடைசி இரண்டு அணைக்கட்டுகளை நம்பி நிற்கிறது. தூத்துக்குடியின் தண்ணீர்ச் சண்டை எல்லாம் இந்த ஒரு விகிதத்தில்தான் தொடங்குகிறது.

நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 120 செ.மீ. தண்ணீர் வேண்டும் என்பது வழக்கமான மதிப்பு. ஏக்கருக்கு அது 48.6 லட்சம் லிட்டர். 86,107 ஏக்கரிலும் பிசானப் பருவ நெல் நட்டால் 14.77 டிஎம்சி. பாபநாசம் 5.5, மணிமுத்தாறு 5.51, சேர்வலாறு 1.22 என மூன்று அணைகளும் நிரம்பி வழிந்தாலும் கிடைப்பது 12.2 டிஎம்சிதான். மணிமுத்தாற்றுக்கோ தனியாக ஓர் ஆயக்கட்டும் உண்டு. ஆகவே வடகிழக்குப் பருவமழையும் குளங்களும் கைகொடுத்தால்தான் பிசானம் கரையேறும். ஜூனில் தொடங்கும் கார் சாகுபடிக்குத் தென்மேற்கு மழை பொய்த்தால், முதலில் தண்ணீர் இல்லாமல் போவது கடைமடைக்குத்தான். அப்போது நெல்லை விட்டுவிட்டாலும் வாழையை விட முடியாது. வருடம் முழுக்க நிலத்தில் நிற்கிற பயிர் அது. ஏரல், குரும்பூர் பக்கத்து விவசாயிகள் கோடையில் தண்ணீர் கேட்டு மனுவோடு நிற்பது பேராசையால் அல்ல. போட்ட முதல் வயலில் காய்ந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு செலவும் இருந்தது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோன திட்டத்தின் பெயரே அதன் அளவு: 20 எம்ஜிடி, நாளொன்றுக்கு 2 கோடி காலன். லிட்டரில் 9 கோடிக்கு மேல். முழு அளவில் எடுத்தால் வருடத்துக்கு 1.17 டிஎம்சி, ஏறக்குறைய ஒரு சேர்வலாறு அணை. நெல்லாக மாற்றினால் 6,800 ஏக்கரின் ஒரு போகம். மருதூர் கீழக்கால் ஆயக்கட்டில் பத்தில் ஒன்பது பங்கு. வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்ட மாதத்திலும் குழாய்க்கு முறை இருக்கவில்லை. அதுதான் விவசாயியின் நெஞ்சை அறுத்தது. 2018-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இப்படித் தண்ணீர் எடுப்பதற்குத் தடை விதித்தது. அதற்கு முன்பே, 2015-இல், அணைக்கட்டில் தூர்வாரவும் அதே தீர்ப்பாயத்தின் உத்தரவு தேவைப்பட்டது. ஒரு தடுப்பணையின் மண்ணை அள்ள வழக்கு நடத்த வேண்டியிருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

தண்ணீரே இல்லையா என்றால், இருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஒரு நெல் போகத்தின் தேவையில் ஐந்தில் நான்கு பங்கு, ஒரே நாளில். குளங்கள் உடைந்து வயல்களில் மணல் மேடிட்டது, வாழை சாய்ந்தது.

சாதாரண வருடங்களிலும் தாமிரபரணியிலிருந்து சராசரியாக 13.76 டிஎம்சி உபரி கடலுக்குப் போகிறது என்பது தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டத்தின் அடிப்படைக் கணக்கு. அதில் 2.765 டிஎம்சியைக் கன்னடியன் அணைக்கட்டிலிருந்து சாத்தான்குளம், திசையன்விளை வறட்சிப் பகுதிக்குத் திருப்புவதே திட்டம். பயன்பெறும் பரப்பு 56,933 ஏக்கர். 2009-இல் மதிப்பீடு 369 கோடி ரூபாய், ஏக்கருக்கு 65,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இழுத்து இழுத்து அது 1,060 கோடியானபோது ஏக்கருக்கு 1.86 லட்சம். கிடைக்கும் தண்ணீரை அந்தப் பரப்பில் பரப்பினால் 34 செ.மீ. நெல்லுக்குக் காணாது, தேரிக்காட்டுக் கிணறுகளுக்கு உயிர் வரும். அதற்காகவே அந்தத் திட்டம் வேண்டும் என்பேன்.

ஆனால் அதனால் வடகாலுக்கும் தென்காலுக்கும் ஒரு சொட்டும் கூடப்போவதில்லை. அந்த 25,560 ஏக்கருக்கு உபரியைப் பிடிக்கும் இடம் புதிய கால்வாய் அல்ல, வண்டல் மேடிட்ட அணைக்கட்டும் கோரம்பள்ளம், கடம்பாகுளம் போன்ற கடைக்குளங்களும்தான். டிசம்பர் வெள்ளத்தை மார்ச் வரை வைத்திருக்க வேறு பாத்திரம் இங்கே கிடையாது. இவற்றைத் தூர்வாரும் செலவு ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டில் தனித் தலைப்பாக வர வேண்டும். மருதூரைத் தாண்டி எத்தனை கனஅடி வந்தது என்பதை ஸ்ரீவைகுண்டத்தில் விவசாயி பார்க்கும்படி தினமும் எழுதிப் போட வேண்டும்.