மூக்குச் சளியில் யாருடைய மரபணுவைப் படிக்கிறார்கள்?

மூச்சுத் திணறலோடு குழந்தைகள் வார்டில் சேர்க்கப்பட்ட கைக்குழந்தை. நர்ஸ் வந்து மூக்குக்குள் மெல்லிய பஞ்சுக்குச்சியை விட்டுச் சளி எடுக்கிறார். பின்னாலேயே கையெழுத்துக்கு ஒரு படிவம் வருகிறது: ‘மரபணு ஆய்வுக்காக’. ராத்திரி முழுக்கப் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்த அம்மாவுக்கு வயிற்றைக் கலக்குகிறது. “எம் புள்ளைக்கு மரபணுல ஏதும் குறையா சிஸ்டர்?”

நின்று பதில் சொல்ல வார்டில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை; இங்கே சொல்கிறேன். சுவாச வைரஸ் ஆய்வுகளில் பொதுவாகப் படிப்பது பிள்ளையின் மரபணுவை அல்ல, அந்தச் சளியில் இருக்கும் வைரஸின் மரபணுவை.

ஏன் படிக்க வேண்டும்? ஆர்.எஸ்.வி.யை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது பிடித்துவிடும் வைரஸ். பலருக்குச் சாதாரணச் சளியோடு போய்விடும். சின்னக் கைக்குழந்தைகளையும் குறைமாதத்தில் பிறந்தவர்களையும்தான் அதிகம் வாட்டும். ஏ, பி என இரண்டு பிரிவு. இரண்டுமே தங்கள் மரபணு எழுத்துகளை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. 1999-இல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸில் கிடைத்த பி வகையில் 60 எழுத்துகள் இரட்டித்திருந்தன. 2010-இல் கனடாவின் ஒன்டாரியோவில் கிடைத்த ஏ வகையில் 72. இரண்டும் சில ஆண்டுகளில் உலகமெங்கும் பரவின; இந்தியக் குழந்தைகளிடமும் வந்துசேர்ந்தன.

எழுத்து மாறினால் நமக்கென்ன? சுப்டாவுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். குறைமாதக் குழந்தைகளைக் காக்க உருவாக்கி, 2015 முதல் 2017 வரை பரிசோதித்தார்கள். அப்போது சுற்றிக்கொண்டிருந்த பி வகையில், மருந்து போய் ஒட்ட வேண்டிய இடத்திலேயே இரண்டு அமினோ அமிலங்கள் மாறிவிட்டிருந்தன. ஒட்டப் பிடிமானமில்லை, மருந்து கைவிடப்பட்டது. இன்று பல நாடுகளில் குழந்தைகளுக்குப் போடும் நிர்செவிமாப் ஊசிக்கும் அந்த நிலை வருமா என்பது, வார்டு வார்டாகச் சளியைப் படித்தால்தான் முன்கூட்டியே தெரியும்.

ஆனால் ஏ-யா பி-யா என்பதால் இன்றிரவு உங்கள் பிள்ளைக்குத் தரும் சிகிச்சை மாறாது. ஆக்சிஜன், நீர் வற்றாமல் பார்ப்பது, மூக்கடைப்பை நீக்குவது: இவைதான். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. பாக்டீரியாத் தொற்றும் இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகித்தால் மட்டுமே அது தேவை. விலை கூடிய வைரஸ் டெஸ்ட் எழுதினால், “ரிசல்ட் வந்தா ட்ரீட்மென்ட்ல என்ன மாறும் டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். நியாயமான பதிலும் இருக்கலாம். இன்ஃப்ளுயன்சா என்றால் ஒசெல்டமிவிர் என்ற மருந்து உண்டு.

மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக இருமல் சிரப் வாங்கி ஊற்றாதீர்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளின் உயிரைக் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. இதைத் தொட்டாலே வேக மூச்சு; டாக்டரிடம் காட்டுங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, வண்டி எல்லாம் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம்.

இனி அந்தப் படிவம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, பெற்றோர் சம்மதம் வாங்கித்தான் குழந்தையை ஆய்வில் சேர்க்க வேண்டும். முடியாது என்று சொன்னால் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது. நானாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன், கேட்டுவிட்டு: வைரஸ் மட்டுமா, பிள்ளையின் டி.என்.ஏ.வும் சேர்த்தா? மிச்ச மாதிரி எங்கே, எத்தனை காலம் இருக்கும்? பெயர் வெளியே போகுமா? போட்ட கையோடு ஒரு நகலை வாங்கி டிஸ்சார்ஜ் சம்மரியோடு வைத்துக்கொள்ளுங்கள்.