துண்டுத் துணிகளில் ஒரு போர்வை

அம்மா காலமாகி மூன்றாவது வருடத்தில்தான் அவரின் தகரப் பெட்டியைத் திறக்கும் துணிவு எனக்கு வந்தது. உள்ளே இரண்டு நூல் சேலைகள், அப்பாவின் பழைய சாரம் ஒன்று, அடியில் நான்காக மடித்து வைத்த ஒரு ஒட்டுப் போர்வை. அந்தப் போர்வையைக் கண்டதும் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

1990ஆம் ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. சண்டை மீண்டும் தொடங்கியபோது எங்கள் குடும்பமும் மன்னார்த் தீவின் கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் தங்கியது. கையில் இரண்டு உடுப்புப் பைகள் மட்டுமே. அந்த வருடத்து மாரிமழையில் என் தம்பி பிறந்தான். குழந்தையைக் கிடத்த ஒரு துணி இல்லை. அம்மா அப்பாவின் கிழிந்த சாரம், என் பழைய பள்ளிச் சட்டை, பக்கத்து அறை அக்கா தந்த பாவாடைத் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் சதுரமாக வெட்டி, கையாலேயே தைத்து ஒரு போர்வை செய்தார். தம்பி அதில்தான் வளர்ந்தான். 2003இல், போர்நிறுத்த காலத்தில், நான் என் மகளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியபோது அதே போர்வை மீண்டும் கடல் கடந்து வந்தது.

இப்போது அந்த மகள் முதல் பிள்ளையை எதிர்பார்த்திருக்கிறாள். அம்மாவின் சேலையில் அவளுடைய பிள்ளைக்கு ஒரு போர்வை தைக்க வேண்டும் என்று மனம் சொன்னது. ஆனால் கத்தரிக்கோலை எடுத்தால் கை ஓடவில்லை. வெட்டிவிட்டால் அம்மா திரும்பி வரமாட்டார் என்பது போல ஒரு பயம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ராத்தா இருக்கிறார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, நாங்கள் வடக்கே கடல் கடந்தது போல அவர்கள் தெற்கே கடல்வழியாகக் கற்பிட்டிக்குப் போனார்கள். பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு, போர் முடிந்த பின்னர்தான் ஊர் திரும்பினார். தையல்தான் அவரின் பிழைப்பு. பெட்டியை வைத்துக்கொண்டு நான் இருப்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “தங்கச்சி, பெட்டிக்குள்ள கிடந்தாப் பூச்சி தின்னும். பிள்ளைக்குக் கீழ கிடந்தாப் பிள்ளை நித்திரை கொள்ளும். எது நல்லமெண்டு உங்கட உம்மாவிட்டக் கேளுங்க.”

அன்று மாலையே ஒரு சேலையை வெட்டினேன்.

என் முதல் தோல்வி

சகோதரிகளே, அவசரம் எனக்கு நல்ல பாடம் படிப்பித்தது. அம்மாவின் நீலச் சேலையில் வெட்டிய துண்டுகளோடு அழகுக்காகக் கடையில் வாங்கிய புதுச் சிவப்புச் சீத்தைத் துணியையும், பளபளப்பான நைலெக்ஸ் துண்டுகள் சிலவற்றையும் சேர்த்துத் தைத்தேன். எதையும் முதலில் கழுவவில்லை. இரண்டு கிழமை உழைப்பு. முடித்துக் கிணற்றடியில் கழுவினேன். வாளித் தண்ணீர் சிவந்தது. அம்மாவின் நீலமெல்லாம் திட்டுத்திட்டாக ஊதா நிறமாயிற்று. காய்ந்தபோது பருத்தித் துண்டுகள் சுருங்கியிருந்தன, நைலெக்ஸ் சுருங்கவில்லை. போர்வை முழுவதும் சுருக்கமும் புடைப்புமாக நின்றது.

அன்று நான் அழுததைச் சொல்ல வெட்கமில்லை. போனது துணி மட்டுமல்ல, அம்மாவின் சேலையில் பாதி.

ராத்தாதான் பெட்டியிலிருந்த அம்மாவின் பழைய போர்வையைத் திருப்பிக் காட்டினார். “இங்க பாருங்க, எல்லாம் பருத்தி. எல்லாம் பாவிச்சுத் தோய்ச்ச துணி. அதுதான் இவ்வளவு காலம் கிடக்குது.” முகாமில் வேறு வழியின்றி அம்மா எடுத்த பழந்துணியே சரியான துணியாக இருந்திருக்கிறது. பழந்துணி ஏற்கெனவே சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, விட வேண்டிய சாயத்தையெல்லாம் விட்டுவிட்டது.

மீதிச் சேலையில் இரண்டாவது முறை நிதானமாகத் தொடங்கினேன். நான் செய்த முறையை, ஊசி பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய விதத்தில் இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை

பழைய பருத்தித் துணிகள் (நூல் சேலை, சாரம், சட்டை, தலையணை உறை), நடுவில் வைக்க ஒரு மெல்லிய பழைய பெட்சீற், அடித்துணிக்கு ஒரு சாரம் அல்லது சேலைத் துண்டு, பருத்தி நூல், ஊசி, குண்டூசி, கூர்மையான கத்தரிக்கோல், அளவுநாடா, ஒரு கெட்டியான அட்டை. தையல் மெசின் இருந்தால் நல்லது; இல்லாவிட்டாலும் குறையில்லை.

குளிர்நாடுகளில் நடுவில் தடிப்பான பஞ்சு வைப்பார்கள். மன்னார் வெக்கைக்கு அது வேண்டாம். மெல்லிய பெட்சீற் போதும். கழுவினால் எங்கள் காற்றில் அரை நாளில் காய்ந்துவிடும்.

செய்யும் முறை

1. எல்லாத் துணிகளையும் கழுவி, காயவைத்து, அயன் செய்யுங்கள். சாயம் போகுமோ என்று சந்தேகமான துணியை நனைத்து ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் பிடித்தால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள்.

2. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூல் ஐதாகத் தெரியும் இடங்களை, முக்கியமாகச் சாரத்தில் இருந்து தேய்ந்த பகுதியை, எடுக்க வேண்டாம்.

3. அட்டையில் 7 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டுங்கள். அதை வைத்துப் பென்சிலால் கீறி, துணியின் நூலோட்டத்துக்கு நேராக 36 சதுரங்கள் வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் துணி இழுபட்டுக் கோணும். 44 அங்குல அகலமுள்ள துணியில் அரை மீற்றருக்கு 12 சதுரங்கள் கிடைக்கும்.

4. நிலத்தில் பாய் விரித்து, ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு என்று அடுக்குங்கள். கடும் நிறங்கள் ஒரே பக்கம் சேராமல் மாற்றி மாற்றி வையுங்கள். எழுந்து நின்று தூரத்திலிருந்து பாருங்கள். பிழை அப்போதுதான் தெரியும்.

5. பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களின் நல்ல பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து, அரை அங்குலம் உள்ளே விட்டுத் தையுங்கள். கையால் தைப்பவர்கள் ஓட்டுத் தையல் போட்டு, நான்கைந்து தையலுக்கு ஒருமுறை ஒரு பின்தையல் போட்டால் பிரியாது. நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள், சிக்கும்.

6. தைத்த வரிசைகளை அயன் செய்யும்போது முதல் வரிசையின் மடிப்புகளை வலப்பக்கமும், அடுத்த வரிசையின் மடிப்புகளை இடப்பக்கமுமாக மாற்றி மாற்றிச் சாயுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது நான்கு மூலைகளும் கட்டியில்லாமல் ஒன்றோடொன்று பொருந்தும். ஆறு வரிசையும் சேர்ந்தால் 37 அங்குலச் சதுரம் ஒன்று கிடைக்கும்.

7. அடித்துணியை 41 அங்குலச் சதுரமாக வெட்டி, கெட்ட பக்கம் மேலே வர நிலத்தில் விரித்து, சுருக்கமின்றி நான்கு மூலைக்கும் கல் வையுங்கள். அதன் மேல் பெட்சீற் துண்டு, அதன் மேல் தைத்த மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெரிய பெரிய தையலாக மூன்றையும் இணைத்துவிடுங்கள். இந்த நூலைக் கடைசியில் உருவி எடுத்துவிடலாம்.

8. இனி மூன்று அடுக்கையும் நிரந்தரமாகப் பிணைக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டுக்கும் பக்கத்தில் கால் அங்குலம் தள்ளி ஓட்டுத் தையல் போட்டு வாருங்கள். இதுவும் நடுவிலிருந்தே தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி குவிந்து நிற்கும். மெசினில் தைப்பவர்கள் தையலை நீளமாக வைத்து, 14ஆம் இலக்க ஊசி போடுங்கள்.

9. பெட்சீற்றை மேல்துணியின் அளவுக்கே வெட்டுங்கள். அடித்துணியை மட்டும் நான்கு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். அந்த ஓர் அங்குலத்தைப் பாதியாக மடித்து, மீண்டும் மேல்துணியின் மேல் மடித்துத் தைத்தால் ஓரம் தயார். தனியாகப் பட்டி வெட்டத் தேவையில்லை.

எனக்குச் சமையலும் வீட்டு வேலையும் போக, மாலை நேரங்களில் மூன்று கிழமை எடுத்தது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: பிள்ளைக்கான போர்வையில் பொத்தான், மணி, தொங்கும் நூல் எதுவும் வைக்காதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தை நித்திரை கொள்ளும்போது தளர்வான போர்வையால் மூடுவதும், தடித்த மெத்தென்ற விரிப்பில் கிடத்துவதும் மூச்சுக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, நிலத்தில் விரித்து விளையாட விடுவதற்கே முதல் வருடத்தில் இதைப் பாவியுங்கள்.

உலகெங்கும் ஒரே ஊசி

இது ஏழைகளின் வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். உண்மைதான், இல்லாமையில் பிறந்த வேலைதான் இது. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூல் உருவி, ஓட்டுத் தையலால் ‘காந்தா’ தைத்தார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆபிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் ‘கவண்டி’ என்ற ஒட்டுப் போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி வருவது அவர்களின் முறை. நான்கு மூலையிலும் துணியை மடித்து ஒரு சிறு பூ வைத்தால்தான் அவர்களுக்கு வேலை நிறைவு. நம் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரமும் அராபிய வணிகர்களால் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது என்றுதானே சொல்கிறார்கள்! கடல் மரத்தையும் மனிதரையும் கைவேலையையும் சேர்த்தே கொண்டுபோயிருக்கிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிறு ஊரில், அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை ஒட்டித் தைத்துக் குளிருக்குப் போர்த்தினார்கள். அந்தப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அரசு அவற்றின் படத்தோடு முத்திரைகளும் வெளியிட்டது. தைத்தபோது அந்தத் தாய்மார் நினைத்ததெல்லாம் பிள்ளைக்குக் குளிரக்கூடாது என்பது மட்டுமே.

விற்க விரும்புவோருக்கு

பழந்துணி எல்லோர் வீட்டிலும் போதாது. தையற்கடைகளில் வெட்டி மிஞ்சும் துண்டுகளைக் கேட்டால் பலர் மகிழ்ச்சியோடு தருவார்கள். பருத்தியையும் மற்றவற்றையும் பிரித்து வைக்கப் பழகுங்கள். விலை வைக்கும்போது நூலுக்கும் அடித்துணிக்கும் மட்டும் கணக்குப் பார்த்துவிட்டு உங்கள் நேரத்தை இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள். எத்தனை மணித்தியாலம் தைத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து, அதற்குரிய கூலியையும் சேருங்கள். நாமே நம் உழைப்பை மதிக்காவிட்டால் வாங்குபவர் மதிக்கமாட்டார். முதலில் தலையணை உறை, பை போன்ற சிறிய பொருட்களில் கை பழகிய பின் போர்வைக்கு வாருங்கள்.

என் இரண்டாவது போர்வையைக் கழுவிக் கொடியில் போட்டேன். சாயம் போகவில்லை, சுருக்கம் விழவில்லை. ராத்தா வந்து தடவிப் பார்த்தார். பிறகு தன் முந்தானைக்குள்ளிருந்து ஒரு சிறு துணித்துண்டை எடுத்து நீட்டினார். வெளியேறிய நாளில் தன் உம்மா உடுத்தியிருந்த சேலையின் துண்டு என்றார். “அடுத்த போர்வையில இதையும் ஒரு மூலையில வையுங்க” என்றார்.

அடுத்த போர்வைக்குக் காத்திருக்க மனம் வரவில்லை. அன்றிரவே ஒரு மூலைச் சதுரத்தின் மேல் அதை வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்துவிட்டேன்.

மகள் பார்த்துவிட்டு, “அம்மம்மாவின்ர துண்டு எது, இது ஆற்ற?” என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். நான் சொல்லிக்கொண்டே போனேன். மண்டபம், அப்பாவின் சாரம், தம்பி பிறந்த மழை, புத்தளம் போன ராத்தாவின் உம்மா. இவற்றையெல்லாம் அவளுக்கு நான் முன்னர் ஒருபோதும் சொன்னதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். திறந்து பாருங்கள், சகோதரிகளே. ஆனால் வெட்டுவதற்கு முன் கழுவிவிடுங்கள்!