மாகாணியும் அட்சரகணிதப் பின்னமும்

1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர், மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' என்னும் தமிழ் நூல் 1855இல் வெளிவந்தது. கணிதத்தைத் தமிழிற் கற்பித்தல் இயலுமோ என ஐயுறுவோர் இவ்வாண்டினை நினைவிற் கொள்வாராக. ஆயினும் சொற்கள் தமிழாதல் மட்டும் போதாது. 'பொது மடங்குகளுட் சிறியது' என்பதை வழுவின்றி ஒப்புவிக்கும் மாணவர் பலர், அஃது எதற்கு என வினவின் வாளாவிருத்தலை நாம் காண்கின்றோம்.

விடை நம் பழைய கீழ்வாயிலக்கத்திலேயே உண்டு. மா என்பது 1/20, காணி 1/80, இரண்டுஞ் சேர்ந்தது மாகாணி, அதாவது 1/16. பெயரே ஒரு கூட்டற் கணக்கு! 1/20 என்பதை 4/80 ஆக்கி 1/80ஐக் கூட்ட 5/80, சுருக்கின் 1/16. இவை யாவற்றையும் முந்திரியால், அதாவது 1/320ஆல், அளந்தனர் முன்னோர். மா 16 முந்திரி, காணி 4 முந்திரி, மாகாணி 20 முந்திரி. ஒரே அலகிற்கு மாற்றிய பின்னரே எண்ணிக் கூட்டலாம். பொதுப் பகுதி காண்டலின் நோக்கம் இதுவே, வேறொன்றுமில்லை.

எண்ணுக்குப் பதில் எழுத்து வரினும் நியாயம் மாறாது. மா, காணி உறவைப் பொதுமையாக்கின், 1/அ + 1/4அ = 5/4அ ஆகும்; அ = 20 எனின் மாகாணி கிடைக்கும். சற்றே கடினமான ஒன்றை நோக்குவோம்:

2/(அ² − 1) + 1/(அ + 1)

அ² − 1 = (அ + 1)(அ − 1) ஆதலின், அதுவே பொதுப் பகுதி. இரண்டாம் பின்னத்தை (அ − 1)ஆல் மேலும் கீழும் பெருக்குக. தொகுதி 2 + அ − 1, அதாவது அ + 1 ஆகும். (அ + 1) என்னுங் காரணி மேலும் கீழும் நீங்க, எஞ்சுவது 1/(அ − 1).

தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடுங் கூட்டுவாரும் உளர். அ = 3 எனக் கொண்டு சோதிப்போம். தரப்பட்டவை 2/8, 1/4. உண்மைக் கூட்டுத்தொகை 1/2. அவர்தம் முறையாலோ 3/12, அதாவது 1/4! காலோடு காலைக் கூட்டிக் காலே பெறுதலைச் சந்தையில் எவரும் ஒப்பார். வகுப்பறையில் மட்டும் எழுதுகின்றனர்.

நீக்கத்தக்கது காரணியேயன்றி உறுப்பன்று. (அ + 1)/(அ − 1) என்பதில் அ என்பதை வெட்டுதல் தகாது; அ = 3 எனின் அதன் பெறுமானம் 2, வெட்டினாற் கிடைப்பது −1.

இன்னுமொன்றுண்டு, பாடநூல்கள் இதனை விரைந்து கடந்துவிடுகின்றன. 1/(அ − 1) என்னும் விடையில் அ = −1 என இடின் −1/2 வரும். ஆனால் முதற்கோவையில் அவ்வாறிடின் பகுதி பூச்சியமாகும். அதற்குப் பெறுமானமே இல்லை. எனவே விடையோடு அ ≠ 1, அ ≠ −1 என்பதனையும் எழுதுதல் வேண்டும்.