வாடகைச் சிறகுகள்

திருத்தணிகை மலையின் 365 படிகளையும் ஏறி முருகப்பெருமானைத் தொழுது வெளியே வரும் அன்பர், சற்று நின்று வானத்தையும் நோக்குவாராக. வடக்கே ரேணிகுண்டாவில் திருப்பதி விமான நிலையம் இருக்கிறது. தெற்கே அரக்கோணத்தில் ‘ராஜாளி’ என்னும் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. வாடகை விமானத்தை நம்பியவன் கதி என்ன என்பதற்கு இவ்விரு திசைகளிலும் இரண்டு பாடங்கள் உள்ளன. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் மாறானவை. அவற்றை ஒப்பு நோக்குமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம்.

வடதிசைப் பாடத்தை முதலில் பார்ப்போம். 2015-ஆம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி ஹைதராபாத்தைச் சேர்ந்த ‘ட்ரூஜெட்’ கம்பெனி தனது சேவையைத் தொடங்கியபோது, அதன் விமானம் முதலில் பறந்து சென்ற ஊர் திருப்பதியே. அக்கம்பெனி கையாண்டவை ஏ.டி.ஆர். 72 என்னும் டர்போபிராப் விமானங்கள். அதாவது, டர்பைன் எஞ்சின் சுழற்றும் விசிறிகளால் பறப்பவை. சுமார் எழுபது பேர் அமரலாம். குறுகிய தூரத்துக்கு ஜெட் விமானத்தைவிட எண்ணெய்ச் செலவு குறைவு. சிறிய ஓடுபாதையும் போதும். 2018 மார்ச் 25 முதல் அதே கம்பெனி சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே விமானம் விட்டது. 2022 பிப்ரவரியில் கம்பெனியின் சேவை முழுவதும் நின்றது. சேலத்து ஓடுபாதையில் பிரயாணிகள் விமானம் மீண்டும் ஒழுங்காக இறங்கலானது 2023 அக்டோபரிலேதான். ஓடுபாதை அங்கேயே இருந்தது; பிரயாணிகளும் இருந்தார்கள். விமானம் மட்டும் இல்லை.

இனித் தென்திசைப் பாடம். 2020 நவம்பரில் நமது கடற்படை ‘ஜெனரல் அட்டாமிக்ஸ்’ என்னும் அமெரிக்கக் கம்பெனியிடமிருந்து ஆளில்லா விமானங்கள் இரண்டைக் குத்தகைக்கு எடுத்து, அரக்கோணத்தில் நிறுத்தியது. இவையும் டர்போபிராப் வகையே. 2024 செப்டம்பர் 18-ந் தேதி அவற்றுள் ஒன்று பழுதுற்று வங்கக் கடலில் வீழ்ந்தது. உடனே நமது காவல் குறைந்துவிட்டதா? இல்லை. குத்தகை நிபந்தனைப்படி அக்கம்பெனியே ஈடாக வேறொரு விமானத்தைத் தந்தது.

ஆளில்லா விமானம் விழுந்தால் ஈடு உண்டு. ஆட்களை ஏற்றிச் சென்ற விமானம் போனால் சேலத்துக்கு ஈடு இல்லை. இவ்வேற்றுமைக்குக் காரணம் விமானத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. நாம் இன்று சொல்ல விரும்புவது இது ஒன்றே.

வாடகை விமானம் என்றவுடன் அதை இழிவென்று கருத வேண்டுவதில்லை. நமது தேசத்தில் பறக்கும் பிரயாணி விமானங்களில் பெரும்பாலானவை குத்தகைக்கு வந்தவையே. செல்வத்திற் சிறந்த தேசங்களிலும் இம்முறை பரவியிருக்கிறது. கையில் பெருமுதல் இல்லாதவனும் சேவை தொடங்க இதனால் இயலுகிறது. 2024 மார்ச்சில் கோவாவில் தொடங்கிய ‘ஃபிளை 91’ கம்பெனி, துபாயிலுள்ள குத்தகைக் கம்பெனியிடமிருந்து பெற்ற ஏ.டி.ஆர். விமானங்களைக் கொண்டே புறப்பட்டது.

குத்தகை இரு வகைப்படும். விமானத்தை மட்டும் கொடுத்து, விமானி, பராமரிப்பு, இன்ஷ்யூரன்ஸ் யாவும் எடுப்பவன் பொறுப்பென்று விடுவது ஒரு வகை. விமானி முதல் இன்ஷ்யூரன்ஸ் வரை சொந்தக்காரனே அளித்து, பறந்த மணிக்கு இவ்வளவென்று கூலி வாங்குவது மற்றொரு வகை. முதல் வகையில் எடுப்பவன் முன்பணம் கட்டுகிறான். மாதந்தோறும் வாடகை செலுத்துகிறான். எஞ்சினும் சக்கரமும் தேய்வதற்கென்று, பறந்த மணியையும் இறங்கிய தடவையையும் கணக்கிட்டுத் தனியே தொகை வைக்கிறான். சிற்றூர்ச் சேவையில் ஒரே நாளில் பல முறை ஏறி இறங்க வேண்டியிருப்பதால் இந்தத் தேய்மானம் அதிகம். தவணை முடிந்ததும் குறித்த நிலையில் விமானத்தைத் திருப்பித் தர வேண்டும். அதன்பின் வேறு வர்ணம் பூசி, வேறு பதிவெழுத்துப் பொறித்து, இன்னொரு தேசத்தில் இன்னொரு கம்பெனியின் வரிசையில் அது சேர்ந்துவிடுகிறது. ஒரே வகை விமானத்தைப் பல தேசத்தாரும் கையாள்வதால் இந்தக் கைமாற்றம் எளிதாகிறது.

இங்கேதான் சிற்றூரின் சங்கடம் பிறக்கிறது. வாடகை டாலரில், டிக்கட்டு ரூபாயில். ‘உடான்’ திட்டத்தின்கீழ் பாதி ஆசனங்களுக்கு, ஒரு மணி நேரப் பறத்தலுக்கு ஏறக்குறைய 2,500 ரூபாய் என்று கட்டணம் வரையறுக்கப்பட்டது. குறைவை நிரப்பச் சர்க்கார் மானியம் உண்டு; அத்தடத்தில் மூன்று வருஷம் தனி உரிமையும் உண்டு. ரூபாயின் மதிப்பு இறங்கினாலோ, எஞ்சின் பழுதானாலோ, சிறு கம்பெனி தள்ளாடுகிறது. வாடகை தவறினால் சொந்தக்காரன் விமானத்தைக் கேட்கிறான். கேட்பது நியாயமே.

அந்த நியாயத்தை நமது சட்டமும் ஏற்றுக்கொண்டுவிட்டது. விமானச் சொந்தக்காரரின் உரிமையைக் காக்கும் கேப்டவுன் உடன்படிக்கையில் இந்தியா 2008-இல் சேர்ந்தது. ஆயினும் 2023 மே மாதத்தில் ‘கோ ஃபர்ஸ்ட்’ கம்பெனி திவால் மன்றத்தை நாடியபோது, சொந்தக்காரர்கள் தங்கள் விமானங்களை மீட்க முடியாமல் ஏறக்குறைய ஓர் ஆண்டு திகைத்தார்கள். 2024 ஏப்ரலில் டில்லி ஹைக்கோர்ட்டு உத்தரவிட்ட பிறகே 54 விமானங்களின் பதிவு நீக்கப்பட வழி பிறந்தது. இதற்கிடையே 2023 அக்டோபரில் ஓர் அறிவிப்பும், 2025 ஏப்ரலில் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமும் வந்தன. சொந்தக்காரனுக்குப் பயமிருந்தால் வாடகை ஏறும்; ஆகையால் இச்சட்டத்தை நாம் குறை கூறவில்லை. நாம் கேட்பது இதுதான்: விமானத்தின் சொந்தக்காரனைக் காக்கச் சட்டம் செய்தவர்கள், விமானத்தை நம்பிய ஊரைக் காக்க என்ன செய்தார்கள்?

2023-இல் வெளியான தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையைப் புரட்டுவோர் கவலை கொள்ளாமல் இரார். உடான் திட்டத்தின் முதல் மூன்று சுற்றுக்களில் அளிக்கப்பட்ட தடங்கள் 774. அவற்றுள் 403-இல் சேவை தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்று வருஷ காலத்தை நிறைவு செய்தவை 112. அதற்கப்பாலும் 2023 மார்ச்சில் நிலைத்திருந்தவை 54. இத்தனைக்கும் வாடகை முறையே காரணமென்று சொன்னால் அது மிகையாகும். ஓடுபாதை தயாராகாத இடங்களும் உண்டு. பிரயாணிகள் போதாத இடங்களும் உண்டு. ஆனால் பிரயாணிகள் இருந்தும் விமானம் இல்லாமற்போன ஊருக்கு என்ன சமாதானம் சொல்வது?

பரிகாரம் நமது கண்முன்னேயே இருக்கிறது. அரக்கோணத்துக் குத்தகையில் உள்ள ஈட்டு நிபந்தனையை மானியம் பெறும் ஒவ்வொரு தடத்துக்கும் எழுத வேண்டும். ஒரு கம்பெனியின் விமானம் போய்விட்டால், குறித்த நாட்களுக்குள் மாற்று விமானம் வர வேண்டும். தவறினால் தனி உரிமை ரத்தாகி, அத்தடம் உடனே வேறொருவருக்குத் திறக்க வேண்டும். மாற்று விமானத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். சில டர்போபிராப் விமானங்களைப் பொதுத்துறையே பொதுக் கையிருப்பாக வைத்து, தேவைப்படும் கம்பெனிக்கு வாடகைக்கு விடலாம். இது புதுமையன்று. 1981-இல் தோன்றிய ‘வாயுதூத்’, இந்தியன் ஏர்லைன்ஸின் ஃபாக்கர் விமானங்களைப் பெற்றுப் பறந்தது. 1996-இல் ‘அலையன்ஸ் ஏர்’ தொடங்கியதும் அதே ஸ்தாபனத்தின் போயிங் விமானங்களைக் கொண்டுதான். வாயுதூத் நஷ்டத்தில் மூழ்கி 1993-இல் இந்தியன் ஏர்லைன்ஸுடன் கலந்ததை நாம் மறக்கவில்லை. அந்த எச்சரிக்கையோடு, கணக்கைக் கண்டிப்பாக வைத்து நடத்துவதே முறை.

செலவாகுமே என்பார்கள். ஆகும். ஆனால் மானியத்துக்கென்று மற்ற விமான சேவைகளின்மீது ஏற்கெனவே தீர்வை வாங்கப்படுகிறது. நின்றுபோகும் சேவைக்கு அப்பணத்தைக் கொடுப்பதைவிட, நிற்காமலிருக்க ஒரு பங்கை ஒதுக்குவது மேலன்றோ? கான்பூரில் ஆவ்ரோ விமானங்களைச் செய்து காட்டிய தேசம் நமது தேசம். அதே கான்பூரில் செய்த டார்னியர் விமானத்தையே அலையன்ஸ் ஏர் குத்தகைக்கு எடுத்து, 2022 ஏப்ரலில் அஸ்ஸாமின் திப்ருகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்கு விட்டது. அது பதினேழு பேருக்கான சிறு விமானமேயானாலும், வாடகையாகப் போன பணம் நம் நாட்டுத் தொழிலாளியைச் சேர்ந்தது.

திருத்தணிக்கு எல்லை மாற்றம் புதிதன்று. 1953-இல் சித்தூர் ஜில்லாவோடு ஆந்திரத்திற் சேர்ந்தது, ம.பொ.சி. முதலானோர் நடத்திய போராட்டத்தின் பயனாக, இரு ராஜ்யங்களும் நிலப்பகுதிகளைப் பரிவர்த்தனை செய்துகொண்டபோது 1960 ஏப்ரல் 1-ல் சென்னை ராஜ்யத்தை அடைந்தது. கோடுதான் நகர்ந்தது, மலை நகரவில்லை. விமானமும் அப்படியே: கம்பெனி விட்டுக் கம்பெனி, தேசம் விட்டுத் தேசம் போகும். ஊர் போக முடியாது. ஆகையால் சர்க்கார் எழுதும் ஒப்பந்தத்தில் ஊரின் பெயரால் ஒரு வரி இருக்கட்டும். அவ்வரி எழுதப்படும் வரையில், நமது பிரதிநிதிகளைப் பொதுஜனங்கள் ஓயாது கேட்டுக்கொண்டிருப்பார்களாக.