வீட்டுத் தோட்டத்தில் முந்திரி

முந்திரி மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரேசிலின் வடகிழக்குக் கடலோரம் அதன் பூர்வீகம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்த மரம், கடலூர் மாவட்டத்துச் செம்மண்ணில் இன்று சொந்த ஊர் மரமாகவே நிற்கிறது. மஞ்சக்குப்பத்திலிருந்து புறப்பட்டுக் கேப்பர் மலை மேட்டில் ஏறினால் முந்திரி தென்படத் தொடங்கும். பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் போனால் தோப்பு தோப்பாக விரியும். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, நட்டுவிட்டால் போதும் என்று பெயரெடுத்த மரம். அந்தப் பெயரே அதற்குக் கேடாகவும் முடிந்திருக்கிறது. தோட்டத்து வாழைக்கும் தென்னைக்கும் கிடைக்கும் கவனிப்பில் கால் பங்கு கிடைத்தாலும் முந்திரி பல ஆண்டுகள் காய்க்கும்.

கொட்டை போட்டு முளைத்த மரம் தாயைப் போலவே காய்க்கும் என்ற உறுதியில்லை. அதனால் ஒட்டுக்கன்று வாங்குவதே நல்லது. விருத்தாசலத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையம் முந்திரிக்கென்றே பல ரகங்களை உருவாக்கியிருக்கிறது. 1991இல் வெளியான வி.ஆர்.ஐ. 3 அவற்றில் பரவலாக நடப்பட்டது. கொட்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 கிராம் எடை இருக்கும்.

ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, மேல்மண்ணோடு 10 கிலோ தொழுவுரம் கலந்து நிரப்ப வேண்டும். ஒட்டுச் சேர்ந்த இடம் தரைக்கு மேலே இருக்க வேண்டும்; அங்கே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை மறக்காமல் அவிழ்க்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதெல்லாம் வேர்ச்செடியின் துளிர். அதை வளரவிட்டால் மேலே உள்ள நல்ல ரகம் நலிந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் கட்டும் மனையாக இருந்தால் மண்ணை மேடாக்கி நடுவதைத் தவிர வேறு வழியில்லை. தேங்கிய நீரை முந்திரி வேர் தாங்காது. முதல் இரண்டு கோடைகளில் மட்டும் தண்ணீர் அவசியம். அந்த இரண்டு ஆண்டுகளும் வரும் பூங்கொத்துகளைக் கிள்ளிவிட்டால், மூன்றாம் ஆண்டிலிருந்து மரம் தெம்போடு காய்க்கும்.

மரத்துக்கு மரம் 7 மீட்டர் இடைவெளி என்பது தோப்புக் கணக்கு. வீட்டுச் சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் அதே இடைவெளி வேண்டும்; புயலில் மரம் சாயலாம். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயலில், பண்ருட்டி வட்டாரத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை பக்கக் கிளைகளை நீக்கி, காய்ந்ததையும் குறுக்கே ஓடுவதையும் ஆண்டுதோறும் கவாத்து செய்தால் காற்று உள்ளே புகுந்து வெளியேறும், தலைப்பாரமும் குறையும்.

முந்திரியின் பெரிய விந்தை அதன் காய். தை, மாசியில் மலரும் கொத்தில் ஆண் பூக்களே மிகுதி. இருபால் பூக்கள் கொஞ்சம்தான். அவற்றில் ஒன்று சூல் கொண்டதும் முதலில் கொட்டைதான் வளர்கிறது. பச்சைச் சிறுநீரக வடிவில் முழு அளவை எட்டி, ஓடு இறுகி, சற்றே சுருங்கவும் தொடங்குகிறது. அதுவரை மெலிந்து கிடந்த காம்பு அதன்பிறகுதான் உப்பி, சாறேறி, மஞ்சளும் சிவப்புமாகப் பழுக்கிறது. தாவரவியல் கணக்கில் உண்மையான கனி கொட்டைதான். பழம் என்று தின்பது காம்பு. பூவிலிருந்து கொட்டை உதிர்வது வரை ஏறத்தாழ இரண்டு மாதம்.

கொட்டையின் ஓட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், இரண்டு தகடுகளுக்கு நடுவே தேனடை போன்ற சிறு அறைகளும் அவற்றில் கருத்த எண்ணெயும் தெரியும். தோலில் பட்டால் நெருப்புச் சுட்டதுபோல் கொப்புளம் கிளப்பும் இந்த எண்ணெய், வாகன பிரேக் தயாரிப்பிலும் வண்ணப்பூச்சிலும் பயன்படுகிறது. கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்து வெந்திருப்பதும் இதனால்தான். கடையில் வெள்ளை வெளேரென்று விற்கும் ஒவ்வொரு பருப்பின் பின்னாலும் அந்த விரல்கள் இருக்கின்றன. கையுறை கொடுப்பது பெரிய செலவும் அல்ல.

பழத்தின் கதை வேறு. கொட்டையைப் போல் பல மடங்கு எடையுள்ள அது, ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி கொண்டது. கோவாவில் அதிலிருந்து வடிக்கும் ஃபெனி 2009இல் புவிசார் குறியீடே பெற்றது. இங்கோ பெரும்பகுதி மரத்தடியில் அழுகிப்போகிறது. தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பே காரணமாகச் சொல்லப்படுகிறது. வில்லைகளாக அரிந்து உப்புநீரில் ஊறவைத்தாலோ, சிறிது நேரம் ஆவி காட்டினாலோ துவர்ப்பு தணியும். சாற்றில் கஞ்சித் தெளிவைக் கலந்தால் துவர்ப்புப் பொருள் அடியில் படிந்துவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல பானம் வாசலிலேயே கிடைக்காது.

பூச்சிகளில் இரண்டை அறிந்திருப்பது போதும். தேயிலைக் கொசு இளந்துளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சிக் கருகச் செய்யும். இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு அதை வேட்டையாடும். கடிக்கிறதே என்று கூட்டைக் கொளுத்துவது காவல்காரரை விரட்டுவதாகும். வாசல் மரத்துக்குக் கடும் விஷம் தெளிப்பது பற்றிக் கேரளத்துக் காசர்கோடு சொல்லித்தந்திருக்கிறது: முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்ததன் துயரம் ஊர்களையே பாதித்தது. அந்த மருந்தை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்தது.

தண்டுத் துளைப்பான் இன்னும் கொடியது. வண்டு அடிமரப் பட்டை வெடிப்பிலும் வெளியே தெரியும் வேரிலும் முட்டையிடும். புழு பட்டைக்குள்ளேயே வளைந்து வளைந்து தின்னும். அடிமரத்தில் சிறு துளை, பிசின் கசிவு, மரத்தூள் இவை தெரிந்த அன்றே பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுத்துவிட வேண்டும். பிறகு 5 சதவீத வேப்பெண்ணெய்க் கரைசலை ஒரு மீட்டர் உயரம் வரை பூசலாம். இலை மஞ்சளித்த பிறகு செய்யும் எதுவும் பெரும்பாலும் பலிக்காது. செத்த மரத்தை வேரோடு அகற்றாவிட்டால் அடுத்த மரத்துக்கும் அது பரவும். மாதம் ஒருமுறை குனிந்து அடிமரத்தைப் பார்ப்பதுதான் முந்திரிக்கு மனிதர் செய்யும் முதல் உதவி.

கொட்டையைப் பறிக்கக் கூடாது. தானாக விழுந்த பழத்திலிருந்து திருகி எடுத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்துச் சேமிக்கலாம். வீட்டில் சுடுவதானால் திறந்த வெளியில், காற்று வரும் பக்கமாக விலகி நின்று, ஓட்டையிட்ட பழைய தகரத்தில் சுட வேண்டும். புகையும் கண்ணையும் மூச்சையும் எரிக்கும். எண்ணெய் எரிந்து அடங்கியதும் சாம்பலில் புரட்டி, ஆறிய பின் உடைத்து, பருப்பைச் சற்று உலர்த்தினால் மேல்தோல் தானே உரிந்துவரும்.