வெள்ளை சாக்லேட்

வெள்ளை சாக்லேட் என்பது கொக்கோ வெண்ணெய், சர்க்கரை, பால் திடப்பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் ஓர் இனிப்புப் பண்டம் ஆகும். மணத்திற்காகப் பெரும்பாலும் வனிலா சேர்க்கப்படுகிறது. வறுத்த கொக்கோ விதையை அரைத்துப் பிழியும்போது கொழுப்பும் பழுப்பு நிறத் திடப்பொருளும் தனித்தனியே பிரிகின்றன. கொழுப்பே கொக்கோ வெண்ணெய் எனப்படுகிறது. சாக்லேட்டின் நிறத்திற்கும் கசப்பிற்கும் காரணமான திடப்பொருள் இதில் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே இது தந்த நிறத்தில், கசப்பின்றி உள்ளது.

பெயர்ப் பயன்பாடு

கொக்கோ திடப்பொருள் இல்லாததால் இதனைச் சாக்லேட் எனக் கருத முடியாது என்போரும் உள்ளனர். எனினும் சட்டங்கள் இப்பெயரை ஏற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்பெயரில் விற்கப்படுவதில் குறைந்தது 20% கொக்கோ வெண்ணெயும் 14% பால் திடப்பொருள்களும் இருக்க வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் இதே அளவுகள் 2004 இல் நடைமுறைக்கு வந்தன. கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றாகப் பாமாயில் போன்ற தாவரக் கொழுப்புகளால் செய்யப்படும் வெண்ணிறக் கட்டிகள் இவ்வரையறைக்குள் அடங்கா. பொதியில் அச்சிடப்பட்டுள்ள சேர்பொருள் பட்டியலைக் கொண்டு இவ்வேறுபாட்டை அறியலாம்.