ஒரு பெயர், இரு பாட்டனார்கள்

மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது ஏடுகளிடையே காணும் முரண்பாடுகளே. அவற்றுட் பல, ஏடு எழுதப்பட்ட முறையால் விளைந்த தோற்றங்கள் என்பதை மொழியியல் வழி நின்று காண்போம்.

கோவிந்தன் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். அதன் முதல் ஒலி ஒலிப்புடையது. தமிழ் எழுத்தோ அதனை ஒலிப்பிலாக் ககரத்தினின்று பிரித்துக் காட்டுவதில்லை. காதால் கேட்டு எழுதிய கிராணி 'ஜி' என்னும் ஆங்கில எழுத்தை இடுவார். தமிழெழுத்தைப் பார்த்து எழுதியவர் 'கே' என்பதை இடுவார். கிராணிமாருள் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும் மிகுதி. அவரவர் செவிக்கு ஏற்பவே எழுத்தும் அமைந்தது. அகரவரிசையில் தேடும் பேரப்பிள்ளைகள் ஒருவரை இருவராக எண்ணிவிடுவது இதனாலேயே.

ஆண்டுக் கணக்கும் இத்தகையதே. 1948இல் தொடங்கிய அடையாள அட்டைப் பதிவில் கோவிந்தன் பிறந்த ஆண்டு 1912 என்றும், வீட்டுச் சாதகத்தில் விரோதிகிருது ஆண்டு, தை மாதம் என்றும் இருப்பதாகக் கொள்வோம். விரோதிகிருது 1911 ஏப்ரலில் பிறந்ததாதலின் பலர் 1911 என்றே முடிவு கட்டுவர். அவ்வாண்டின் தை மாதமோ 1912 சனவரியில் தொடங்குகிறது. இரண்டும் ஒன்றே.

இதற்கு நேர்மாறான பிழையே கொடிது. 1890களில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டத்து ஏடொன்றில், 'முனியாண்டி மகன் கோவிந்தன்' எனக் காணப்படின் என் செய்வது? மூத்த பேரனுக்குப் பாட்டனார் பெயரை இடுவது நம் வழக்கம். பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. முனியாண்டி மகன் கோவிந்தன், அவர் மகன் முனியாண்டி, அவர் மகன் மீண்டும் கோவிந்தன். தந்தை பெயரும் ஒத்துவிடுவதால், பாட்டனும் பேரனும் ஒருவராகி, இடையிலிருந்த முனியாண்டி குடும்பத்தின் நினைவினின்றே மறைந்துபோவார். கப்பலேறி வந்தவர் யார், இம்மண்ணில் பிறந்தவர் யார் என்பதும் குழம்பிவிடும்.

இவ்விடத்தில் தந்தை பெயரை மட்டும் நம்புவது போதாது என்பதே நம் கருத்து. மாணவர்கள் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயரைத் தேடுக. மகனுக்குப் பாட்டனார் பெயர் வரலாம். பாட்டனாரின் தாயும் பேரனின் தாயும் ஒரே பெயரினராய் அமைவது அரிது. அப்பெயர் வேறுபடின், ஏட்டில் ஒருவராய்த் தோன்றியவர் இருவராவர்.